ஜப்பான் மீன்: ஒரு பெயரின் வரலாறு

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈயம் அள்ளியபின் நீர் நிரம்பிய குழிகளை நம்மவர் 'ஈயக்குட்டை' என்றனர். அங்கே தூண்டிலிட்ட தோட்டத்து முதியோர் திலாப்பியாவை 'ஜப்பான் மீன்' என்பர். அம்மீன் ஜப்பானுக்கு உரியதன்று. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளுக்கு உரியது. 1939-இல் சாவகத் தீவில் கண்டறியப்பட்டு, ஜப்பானியர் ஆட்சியின்போது மலாயாவுக்கு வந்தது.

அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாகிப்போன காலம் அது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். கொண்டுவந்தவனின் பெயரை மீனுக்கு இட்டதில், நன்றியைவிட அந்த நினைவே மிகுதி என்று கருதுகிறேன்.

விராலும் கெளுத்தியும் இம்மண்ணின் மீன்கள். ஆண்டிறுதி அடைமழையில் ஆறு கலங்கிப் பெருகும். அப்போது தூண்டிற்காரர் ஓடைகளையும் வடிகால்களையும் நாடுவர். வறண்ட மாதங்களில் ஆழமான ஈயக்குட்டையே கைகொடுக்கும். ஜப்பான் மீனுக்கோ பருவமே இல்லை. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்து, ஆண்டு முழுவதும் பெருகும். பசித்த குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, குட்டைகள் பல மீன் பண்ணைகளாயின. இன்று அங்கு வளர்வது கலப்பினச் சிவப்புத் திலாப்பியா. அதனோடு அப்பழைய பெயர் ஒட்டவில்லை.