பெட்டிக்குள் ஒரு பால் டின்

சான் ஹோசேயிலிருந்து பேசுகிறேன். தொழிலால் நான் செவிலி. அதனால் இன்றைக்குச் சொல்லப்போகும் வரலாறும் ஒரு பால் பவுடர் டின்னைச் சுற்றியதுதான்.

எங்களுக்குப் பக்கத்தில் மில்பிடாஸில் கிரேட் மால் இருக்கிறது. 1983 வரை ஃபோர்டு கார் தொழிற்சாலையாக இருந்த இடம். 1994இல் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். அங்கே சீனச் சுற்றுலாப் பயணிகள் பெட்டி நிறைய வாங்குவதைப் பார்த்து, "காசு கொழித்துப்போய்க் கிடக்கிறது" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கைப்பைக்கு அது பொருந்தலாம். ஆனால் விட்டமின் மாத்திரையையும் குழந்தைகளுக்கான பால் பவுடரையும் ஏன் கடல் தாண்டிச் சுமக்க வேண்டும்?

பெட்டி சுமப்பது நமக்கும் பழக்கம்தானே. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளெல்லாம் அரசுடைமை ஆனதும் தமிழர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே பர்மா பஜார் உருவானது. அங்கே வெளிநாட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. சிங்கப்பூருக்குப் பறந்து சரக்கு கொண்டுவருகிறவர்களைக் 'குருவி' என்றோம். சோப்பு, சென்ட், டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம். காரணம் எளிது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. கடைசியாக எஞ்சிய 715 பொருள்களுக்கான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நீங்கியது. ஊர்க் கடையில் இல்லாததை நாம் சுமந்தோம்.

சீனாவில் கடைகள் நிறைந்தே இருந்தன. வெளிநாட்டுப் பொருளுக்கு வரி அதிகம் என்பது உண்மை. 2015 ஜூனில் டயப்பர், சருமப் பூச்சு போன்றவற்றின் இறக்குமதி வரியை அரசே பாதிக்கு மேல் குறைத்தது. ஆனால் பால் பவுடர் விஷயத்தில் விலையைவிடப் பெரிய காரணம் 2008இல் நடந்தது.

பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்கிடும். மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் வேதிப்பொருள், நைட்ரஜன் மிகுந்தது. அதைக் கலந்தால் சோதனை ஏமாறும், குழந்தையின் சிறுநீரகம் ஏமாறாது. கைக்குழந்தைக்குச் சிறுநீரகக் கல் வருவது எவ்வளவு அரிது என்று எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அங்கே சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அரசுக் கணக்கின்படி 6 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் சிக்கிய சான்லு நிறுவனம், தரத்துக்காக அரசுச் சோதனையிலிருந்தே விலக்குப் பெற்றிருந்த நிறுவனம்!

அதன்பின் அரசு முத்திரையைத் தாய்மார்கள் எப்படி நம்புவார்கள்? ஹாங்காங்குக்குப் போய் வாங்கினார்கள். அங்குள்ள குழந்தைகளுக்கே பால் பவுடர் தட்டுப்பாடு வந்தது. 2013 மார்ச் 1 முதல் ஊரைவிட்டுப் புறப்படும் ஒருவர் 1.8 கிலோ, அதாவது 2 டின்னுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று ஹாங்காங் சட்டம் போட்டது. 2015இல் சீனப் பயணிகள் ஜப்பானிலிருந்து கழிப்பறை இருக்கைகளை அள்ளிவந்தார்கள். அவற்றில் சில சீனாவின் ஹாங்சோவில் தயாரானவை. தம் ஊரில் செய்த பொருளையே வேறொரு நாட்டின் கடையில் வாங்கினால்தான் நம்பிக்கை வந்தது.

எனவே இந்தப் பெட்டிகளை ஆடம்பரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நம் பெட்டி ஊரில் கிடைக்காத பொருளைச் சுமந்தது. அவர்கள் பெட்டி ஊரில் தொலைந்த நம்பிக்கையை ஈடுகட்டப் பார்க்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் நமக்கும் இது தூரத்துக் கதையில்லை. 2022இல் மிச்சிகனில் பால் பவுடர் செய்யும் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டதும், நாடு முழுக்கக் கடை அலமாரிகள் காலியாயின. மே மாதம் ஜெர்மனியிலிருந்து ராணுவ விமானத்தில் பால் பவுடர் கொண்டுவந்தார்கள். இங்கே அரசு விமானம் அனுப்பியது. சீனாவில் வசதியுள்ள குடும்பங்கள் தாங்களே விமானம் ஏறின.

சான்லு பவுடர் விலை மலிவு. கிராமத்து ஏழைகள் நிறைய வாங்கினார்கள். அந்த அம்மாக்களிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. அவர்களுக்கு இருந்தது அந்த டின்னில் ஒட்டியிருந்த அரசின் வாக்கு மட்டும்தான்.