ராஞ்சித் தீயும் 1968-இன் சட்டமும்

மத்திய தொழிற் பாதுகாப்புப் படை பிறந்த நாள் 1969 மார்ச் 10. ஆனால் அதன் வரலாற்றை 1964-இலிருந்து சொல்வதே முறை. அந்த ஆண்டு ராஞ்சியில் உள்ள கனரகப் பொறியியல் கழகத்தில் பெருந்தீ பிடித்தது. சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் உதவியோடு எழுந்த ஆலை அது. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது. அதில் தீப்பிடித்தால் ஒரு தொழிற்சாலையோடு போகாது, அதை நம்பியிருக்கும் அத்தனை ஆலைகளும் காத்துக் கிடக்கும். விசாரித்த நீதிபதி பி. முகர்ஜி, பொதுத்துறை ஆலைகளுக்கென ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படை ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தார்.

அதுவரை ஆலைக்கு ஆலை 'வாட்ச் அண்ட் வார்டு' என்ற காவல் பிரிவு இருந்தது. நிர்வாகம் வேலைக்கு எடுத்த ஆட்கள்தான். செப்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போகிறவனைப் பிடித்தாலும், சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அதிகாரமே அவர்களுக்கும். வரிப்பணத்தில் கோடிகளைக் கொட்டி ஆலை எழுப்பிய அரசு, அதன் காவலுக்குச் சட்டபலம் தர மறந்திருந்தது.

1968-இன் 50-ஆம் சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. தீர்த்த விதம் கவனிக்கத்தக்கது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். மத்திய அரசு ஒரு படையை மாநிலங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. சட்டம் அதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டது. ஆலையில் குற்றம் செய்பவரை மாஜிஸ்திரேட்டின் உத்தரவோ வாரண்டோ இல்லாமல் கைது செய்யலாம், சோதனையிடலாம். ஆனால் பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். விசாரணை மாநிலப் போலீஸின் வேலையாகவே இருக்கும். கூட்டாட்சியை மதித்து வரையப்பட்ட இந்த ஏற்பாடு, படையின் ஆயுதங்களைவிட முக்கியமானது என்பேன். செலவையும் காவல் பெறும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று சட்டம் வைத்தது.

3 பட்டாலியன்கள், ஏறத்தாழ 3,000 பேர். தொடக்கம் அவ்வளவுதான். மறு ஆண்டே, 1970-இல், கொச்சியில் உள்ள ஃபாக்ட் உர ஆலையில் தீயணைப்புப் பிரிவு தொடங்கியது. மத்திய ஆயுதப் படைகளில் தனக்கெனத் தீயணைப்புப் பிரிவு வைத்திருப்பது இந்தப் படை ஒன்றுதான். ராஞ்சியின் பாடம் அதன் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

விழா மலர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் பக்கம் ஒன்று உண்டு. 1979 ஜூனில் ஊதியம், சங்க உரிமை கேட்டுக் காவலர்கள் கிளர்ந்தார்கள். பொக்காரோ முகாமுக்குள் ராணுவம் அனுப்பப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாட்டின் சொத்தைக் காத்தவர்கள் அதே நாட்டின் படையோடு மோதி மடிந்தது எந்தக் கணக்கில் பார்த்தாலும் துயரம். 1983-இல் திருத்தம் வந்தது. படை 'ஒன்றியத்தின் ஆயுதப் படை' ஆனது. ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. ஒழுங்கு வந்தது. ஆனால் உரிமை குறைந்தவரின் குறையைக் கேட்கும் பொறுப்பு அரசுக்கு இரட்டிப்பானது. பணி நேரம், விடுப்பு, குடியிருப்பு என்று காவலர்கள் கேட்பவற்றை அந்தப் பொறுப்போடுதான் பார்க்க வேண்டும்.

பிறகு வந்த மாற்றங்களும் அடிபட்டபின் வந்தவையே. 1999 டிசம்பரில் ஐசி-814 விமானம் கடத்தப்பட்டது; 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் படையின் வசம் வந்தன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009-இல் திருத்தம் வந்து, தனியார் நிறுவனங்களுக்கும் கட்டணத்தின் பேரில் காவல் தரலாம் என்றானது. இன்று படையின் பலம் 1.7 லட்சத்துக்கும் மேல். நெய்வேலி, கல்பாக்கம், சென்னைத் துறைமுகம், கூடங்குளம் என நம் பக்கத்திலும் அதன் காவல் பரந்திருக்கிறது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் உள்ள பயிற்சி மையத்துக்கு 2025 மார்ச்சில் ராஜாதித்த சோழன் பெயர் சூட்டப்பட்டது. 949-இல் அதே தக்கோலத்தில் நடந்த போரில் யானை மீதிருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசன் அவன்.

கூடங்குளம் இன்னொன்றையும் காட்டியது. 2019-இல் அணுமின் கழகத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீங்கு நிரல் புகுந்தது. உலைகளை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் அறிவித்தது. வாயிலில் நின்ற எந்தக் காவலரும் அதைத் தடுத்திருக்க முடியாது. கணினி வழித் தாக்குதலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது; முக்கியக் கணினி அமைப்புகளைக் காக்க 2014-இல் தொடங்கிய தேசிய மையமும் இருக்கிறது. வேலிக்கு ஒரு சட்டம், கம்பிக்கு ஒரு சட்டம். ஆலை ஒன்றுதான் என்பதால், இரண்டின் பொறுப்பாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பயிற்சி எடுப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அதற்கு இன்னொரு ராஞ்சி நேரும்வரை நாடாளுமன்றம் காத்திருக்கக் கூடாது.