அச்சமும் ஒப்புதலும்: சென்னை மேற்குப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய முடிவு

ஆய்வுச் சுருக்கம்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவத் தகுதி பெற்ற பலர் அச்சத்தால் தயங்குகிறார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளுவதும், அதற்கு முழுதாகப் பணிந்துவிடுவதும் சரியான முடிவுக்கு உதவாது. நோயாளியின் பயம் அறுவை நடக்கும் நாளின் மேல் குவிந்திருக்கிறது. சிகிச்சையின் நன்மையும் கேடும் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் தீர்மானமாகின்றன. ஆகவே, வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய பின்கவனிப்பு எட்டும் தொலைவில் கிடைக்குமா என்பதே முடிவின் மையக் கேள்வியாக வேண்டும் என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: உடல் பருமன், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை, அச்சம், ஒப்புதல், பின்கவனிப்பு, சென்னைப் புறநகர்

1. களம்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் (2015–16) இவை முறையே 30.9, 28.2. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ பத்துப் புள்ளிகள் கூடியிருக்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரில் இதற்கான சூழலைக் கண்கூடாகக் காணலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் முறையில் வேலை. பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே எழுந்த ஐடி வளாகங்களில் இரவு முழுக்க உட்கார்ந்த வேலை. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் நள்ளிரவு கடந்தும் பரோட்டா, பிரியாணிக் கடைகள். வேலை நேரம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் பசியைக் கூட்டுகிறது.

இங்கே வாழும் ஒருவர், சுகர், பிரஷர், முட்டிவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே, ‘ஆபரேஷன் பண்ணிக்கலாமா?’ என்ற கேள்விக்கு வந்து சேர்கிறார். இந்திய அறுவை சிகிச்சையாளர்கள் பின்பற்றும் வரையறைப்படி, உடல் நிறைக் குறியீட்டெண் 37.5 ஆனாலோ, நீரிழிவு போன்ற துணைநோயோடு 32.5 ஆனாலோ அறுவையைப் பரிசீலிக்கலாம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இவை முறையே 96 கிலோ, ஏறக்குறைய 83 கிலோ. பன்னாட்டு அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட நெறிமுறை ஆசியர்களுக்கு இன்னும் தாழ்ந்த வரம்புகளைப் பரிந்துரைக்கிறது. நாம் அன்றாடம் பார்க்கும் பலர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். வரம்புக்குள் வருவது ஒன்று, அறுவைக்கு இசைவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அச்சத்தைப் பகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் பணி.

2. அறுவை மேசையில் இறந்துவிடுவோமோ என்ற அச்சம்

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் எடைக்குறைப்பு அறுவைக்காகப் பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனையில் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பம்மல், பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போகும் வழியில் இருக்கும் ஊர். பக்கத்து ஊரில் நடந்த ஒரு சாவுக்கு முன்னால் ‘ஆயிரத்தில் சிலர்’ என்ற கணக்கு எடுபடாது. எடுபடாததில் தவறும் இல்லை. அந்த இளைஞரின் குடும்பத்துக்கு நிகழ்ந்தது விழுக்காட்டில் அடங்கும் இழப்பன்று.

எனினும் கணக்கைப் பார்க்காமல் முடிவெடுக்கவும் முடியாது. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய 30 நாள்களில் இறந்தோர் 0.3 விழுக்காடு. சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 90 நாள்களுக்குள் இறந்தோர் 0.2 விழுக்காடு. அதே சுவீடன் ஆய்வு 2020இல் வெளியிட்ட முடிவு இன்னும் கருதத்தக்கது. அறுவை செய்துகொண்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பருமனானவர்களைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் பொது மக்களின் ஆயுளை அவர்களும் எட்டவில்லை, ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே வாழ்ந்தார்கள். அறுவை ஆயுளைக் கூட்டுகிறது, பருமனின் பாதிப்பை முழுதாகத் துடைத்துவிடுவதில்லை என்பதே இதன் பொருள்.

இந்த எண்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இவை தேர்ந்த குழுக்களும் கட்டமைப்பும் உள்ள மையங்களிலிருந்து வந்தவை. எல்லா மருத்துவமனைக்கும் இவற்றை அப்படியே பொருத்த முடியாது. மேசை பற்றிய அச்சத்தை நோயாளி அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. அதை மருத்துவமனையை நோக்கிய கேள்விகளாக மாற்ற வேண்டும். இதே அறுவையை இந்தக் குழு தொடர்ந்து செய்துவருகிறதா? பருமனான உடலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா? தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று முன்பே சோதித்தார்களா? ஐசியூ அதே கட்டடத்தில் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்குக் கசிவோ இரத்தப்போக்கோ ஏற்பட்டால் யார் வருவார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் நோயாளியின் தயக்கம் முற்றிலும் நியாயமானது.

3. பழிச்சொல் பற்றிய அச்சம்

‘வாயைக் கட்டினா போதும், எதுக்கு வயித்தை வெட்டணும்?’ என்ற கேள்வியைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேட்காத பருமனானவர் இருக்க மாட்டார். பருமனை ஒழுக்கக் குறைவாகவும், அறுவையைக் குறுக்கு வழியாகவும் பார்க்கும் மனப்போக்கு இது. நோயாளியும் இதையே நம்பிவிடுவதால், வலியை விடவும் தோல்வியை ஒப்புக்கொள்வதே அவருக்குப் பெரிய அச்சமாகிறது.

உடலியல் இந்தப் பார்வையை ஏற்கவில்லை. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அப்போதும் உயர்ந்தே இருந்தது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. இழந்த எடையை மீட்க உடல் ஓயாமல் முயல்கிறது. பலமுறை குறைத்தும் மீண்டும் ஏறிவிட்டது என்று சொல்பவர் சாக்குச் சொல்லவில்லை. தம் உடலில் நடப்பதைத்தான் சொல்கிறார்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு, கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் பகுதியோடு சேர்த்து, அகற்றப்படுகிறது. பைபாஸ் முறையில் உணவு செல்லும் தடமே மாறுகிறது. இரண்டும் கொள்ளளவோடு ஹார்மோன்களின் போக்கையும் மாற்றுவதால் பயன் தருகின்றன. நீரிழிவுள்ள 150 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2017இல் ஐந்தாண்டு முடிவுகள் வெளியான ஆய்வில், மூன்று மாதச் சர்க்கரை அளவை 6க்குள் கொண்டுவந்தோர் மருந்து மட்டும் பெற்ற குழுவில் 5 விழுக்காடு. ஸ்லீவ் குழுவில் 23. பைபாஸ் குழுவில் 29. மனவலிமை கூடியவர்கள் ஒரே குழுவில் போய்ச் சேர்ந்ததால் வந்த வேறுபாடு அல்ல இது. யார் எந்தக் குழு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அதே எண்கள் ஒரு தெளிவையும் தருகின்றன: பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த இலக்கை அறுவையாலும் எட்டவில்லை. சுகர் அடியோடு போய்விடும் என்று வாக்களிக்கும் விளம்பரத்தை நம்பக்கூடாது.

பழிச்சொல் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. கல்யாணத்துக்கு முன் எடை குறைய வேண்டும் என்று மகளை அறுவைக்கு அழைத்துவரும் குடும்பங்களும் உண்டு. அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அவசரக் கல்யாணக் கணக்குக்கு அது ஒத்துவராது. ஊரின் ஏளனத்துக்கு அஞ்சி அறுவையை மறுப்பதும், அதே ஏளனத்துக்கு அஞ்சி அறுவைக்கு இசைவதும் சுயமான முடிவுகள் ஆகா.

4. ஒப்புதல் என்னும் சட்டக் கடமை

சுயமான ஒப்புதலுக்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் தந்தது. நோயறிவதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது தொடர்பான வழக்கு அது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடிய விளைவுகள் ஆகியவற்றை நோயாளியிடமே விளக்கிப் பெறுவதுதான் செல்லத்தக்க ஒப்புதல் என்று தீர்ப்பு வரையறுத்தது.

இந்த அளவுகோல் இரு தரப்பையும் கட்டுகிறது. ஆபத்தைக் குறைத்துச் சொல்லும் மருத்துவர் இதை மீறுகிறார். அறுவையின் ஆபத்தை மட்டும் கேட்டு, அறுவை வேண்டாம் என்பதன் ஆபத்தைக் கேட்க மறுக்கும் நோயாளியின் முடிவும் முழுமை பெறவில்லை. சிறுநீரகமும் கண்ணும் இதயமும் நீரிழிவால் மெல்லக் கெடுவதற்கு நாள் குறித்த கையெழுத்து யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அந்த ஆபத்து அச்சமாக உருவெடுப்பதில்லை. அறுவைக்கு முந்தைய மாலையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பல பக்கப் படிவத்தை நீட்டி, பேனா வைத்த இடத்தில் கையெழுத்து வாங்குவது இந்தத் தீர்ப்பின் நோக்கத்துக்கு எதிரானது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். சில நாள் முன்பே வீட்டுக்குப் போக வேண்டும். குடும்பத்தார் உடனிருந்து கேட்கலாம், முடிவு நோயாளியுடையதாக இருக்க வேண்டும்.

மாற்று வழிகளில் இப்போது ஊசி மருந்துகளும் சேர்ந்துள்ளன. எடைக்குறைப்புக்கான டிர்செபடைடு, செமக்ளூடைடு மருந்துகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. சோதனைகளில் செமக்ளூடைடு சராசரியாக ஏறக்குறைய 15 விழுக்காடும், டிர்செபடைடின் உயர் அளவு ஏறக்குறைய 21 விழுக்காடும் எடையைக் குறைத்தன. செமக்ளூடைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. கத்திக்கு அஞ்சுபவருக்கு இது உண்மையான மாற்று. ஆனால் இதுவும் தொடர் செலவையும் தொடர் கவனிப்பையும் கேட்கும் மாற்று.

5. அஞ்ச வேண்டியது எதற்கு?

அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒருவருக்குச் சில வாரங்களில் விடாத வாந்தி வருகிறது என்று கொள்வோம். திருமுல்லைவாயிலிலோ திருநின்றவூரிலோ குடியிருப்பவர் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்கு. அங்கே வழக்கப்படி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தவரின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே வற்றிப்போகும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். தடுக்கத் தேவையானது விலை குறைந்த ஒரு ஊசி மருந்தும், ‘எனக்கு வயிற்றில் எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்ற ஒரு வாக்கியமும்தான்.

இதுபோன்றவை வேறும் உண்டு. பைபாஸ் செய்தவர் முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் வலி மாத்திரை, குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைவதால் ஆயுள் முழுக்க மாத்திரையும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். பைபாஸுக்குப் பின் மது வேகமாக ஏறும். குடிப்பழக்கம் முற்றும் ஆபத்து இரண்டாம் ஆண்டில் கூடுவதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் நிலைத்துவிடக்கூடும். எடை ஓரளவு திரும்புவதும் நடக்கும். இவை யாவும் ஐசியூவுக்கு வெளியே, வீட்டிலும் வேலையிடத்திலும் நிகழ்பவை. அறுவை நடக்கும் ஒரு நாளைப் பற்றிய அச்சம் இவற்றைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

6. புறநகரின் பொறுப்பு

பின்கவனிப்பு நோயாளியின் ஒழுங்கை மட்டும் சார்ந்ததன்று. அம்பத்தூர் 2011 முதல் பெருநகர சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்ட நகராட்சி. அடுத்தடுத்த ஊர்கள் மூன்று நிர்வாகங்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. அறுவை நகரின் நடுவில் நடக்கும். வாந்தி வருவது வீட்டில். ஷிப்டை விட்டு ஓபி வரிசையில் நிற்கும் நாளுக்குக் கூலி போகும் தொழிலாளி, இரண்டாம் ஆண்டில் போவதை நிறுத்திவிடுவார். அது அவருடைய அலட்சியம் என்று எழுதிவைப்பது அநியாயம்.

பண அச்சத்துக்கும் அமைப்புதான் காரணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, குறியீட்டெண் 40 இருந்தாலோ, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற கடும் துணைநோயோடு 35 இருந்தாலோதான் இந்த அறுவைச் செலவைக் கோர முடியும். மருத்துவர்களின் வரம்போ 37.5, 32.5. இதனால் 160 செ.மீ. உயரமும் 86 கிலோ எடையும் கொண்ட நீரிழிவு நோயாளிக்கு மருத்துவம் ‘ஆம்’ என்கிறது, காப்பீடு ‘இல்லை’ என்கிறது. இந்த இடைவெளியை ஆணையம் மறு ஆய்வு செய்ய வேண்டும்.

வழி நம்மிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் பெயரை அவர்களுடைய பட்டியலில் சேர்த்து, வைட்டமின் மாத்திரை, ஆண்டுப் பரிசோதனை, வாந்தி பற்றிய எச்சரிக்கை ஆகிய மூன்றையும் அவர்கள் பணியில் இணைக்கலாம். அதற்கான பயிற்சியைப் பூந்தமல்லியில் இயங்கும் அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் வழியாகவே தரலாம்.

7. முடிவுரை

மேற்குப் புறநகரில் இந்த முடிவின் முன் நிற்பவருக்கு இக்கட்டுரை முன்வைப்பது இதுதான். வரம்புக்குள் வந்து, நீரிழிவோ மூச்சடைப்போ உடலை அரித்துக்கொண்டிருந்து, பிற வழிகளை நேர்மையாக முயன்றும் பலன் கிட்டாதவருக்கு, சான்றுகள் அறுவையின் பக்கமே சாய்கின்றன. அச்சம் மட்டுமே காரணமாக அவர் அதை மறுப்பது தமக்கே இழப்பு. ஆனால் ஐந்தாம் ஆண்டில் இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவார், யார் பார்ப்பார்கள், செலவை யார் ஏற்பார்கள் என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது. அந்தப் பதிலைத் தர வேண்டிய கடமை மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அரசுக்கும் உண்டு. அதை அவர்கள் தராதவரை, தயங்கும் நோயாளியைக் குறைசொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.