தெள்ளுப்பூச்சிகளை எண்ணிய மருத்துவர்

முத்துக்குளிப்பு நடக்கும் கரையில் சில நாட்களுக்குள் ஓர் ஊரே முளைப்பதையும், குளிப்பு முடிந்ததும் அங்கே மணலும் சிப்பி ஓடுமே மிஞ்சுவதையும் போன வாரம் பார்த்தோம். 1905-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் கூடிய அந்தத் தற்காலிக ஊரில் அதிகாரிகளுக்குக் கள்ள முத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது நோய். முகாமில் காலரா புகுந்துவிட்டால் குளிப்பு, ஏலம், வருமானம் எல்லாம் போச்சு.

அந்த ஆண்டுகளில் காலராவோடு புதிய பயம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1894-ல் ஹாங்காங்கில் தலைகாட்டிய பிளேக், 1896-ல் பம்பாய்க்கு வந்து இறங்கியது. 1907-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் அது 10 லட்சம் பேருக்கு மேல் கொன்றது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும்; காய்ச்சல் கொதிக்கும்; பாதிப் பேருக்கு மேல் சில நாட்களிலேயே போய்விடுவார்கள். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு நோயின் ஆங்கிலப் பெயரையே அம்மனுக்குச் சூட்டும் அளவுக்கு அந்த ஊர் அடிபட்டிருக்கிறது.

அப்போது தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். மதராசிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேற வேண்டும். இன்றைய ஆழ்கடல் துறைமுகம் வருவதற்கு முன், ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. ஆளையும் சரக்கையும் தோணிகள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே கொழும்புப் பாதையில்தான். அவர் கப்பலிலும் சரி, வெள்ளைக்காரன் கப்பலிலும் சரி, மேல்தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் கூலி ஜனங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் அந்த ஜனங்களை நேராகக் கப்பலில் ஏற்றிவிட மாட்டார்கள். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரும் வழியில் தட்டப்பாறை ரயில் நிலையம் இருக்கிறதே, அங்கே இலங்கை அரசு ஒரு முகாம் வைத்திருந்தது. பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களைச் சில நாட்கள் அங்கே தங்கவைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, பிறகே அனுப்பினார்கள். 1914-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் பாதை திறந்தபின் மண்டபம் முகாம் பேர் பெற்றது. பிளேக் கண்ட ஊர்களிலிருந்து மதராஸ் மாகாணத்துக்குள் வருகிறவர்கள் கையில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ வைத்துக்கொண்டு, நாள்தோறும் அதிகாரி முன் போய் நிற்கவேண்டிய காலம் அது.

காலராவையும் பெரியம்மையையும் பொறுத்தவரை இந்த முகாம்களால் பலன் இருந்தது. அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் பிளேக்கைப் பொறுத்தவரை விடை தெரியாத கேள்வி ஒன்று நீண்ட நாள் நின்றது. பம்பாயும் பஞ்சாபும் பிணக்காடாகின. மைசூர்ப் பக்கமும் கோவையும் தவித்தன. மதராஸ் நகரமோ, அத்தனை ஜன நெரிசலும் எலியும் இருந்தும் பெரிய அழிவு இல்லாமல் தப்பியது. பல ஊர்ச் சரக்கும் ஆளும் வந்திறங்கும் கொழும்பிலும் 1914 வரை பிளேக் இல்லை. காவல் பலமாக இருந்ததால்தான் தப்பித்தோம் என்று காவல் காத்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையா?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் எல். ஃபேபியன் ஹர்ஸ்ட். கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர், படிப்பால் மருத்துவர். நம் கடலோரத்தின் மருத்துவ வரலாற்றில் முன் வரிசையில் உட்காரவைக்க வேண்டியவர் என்று நான் நினைக்கிறேன். நம்மில் பத்துப் பேருக்குக்கூட அவர் பெயர் தெரியாது.

அவருக்கு முன்பே பாதி வழி போட்டாகியிருந்தது. ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் பிளேக் கிருமியைக் கண்டார். 1898-ல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், நோயுற்ற எலியிடமிருந்து நலமான எலிக்கு அதைக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி என்று சோதித்துக் காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாய் பரேலில் இயங்கிய பிளேக் ஆணையம் அதை ஐயமற நிறுவியது. எலித்தெள்ளு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்றே அப்போது எண்ணினார்கள். இந்தியாவில் எலி மேல் இருப்பது கியோப்பிஸ் என்ற இனம், அவ்வளவுதான்.

ஹர்ஸ்ட் கொழும்பு எலிகளைப் பிடித்துச் சீவிப் பார்த்தார். வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய வாழ்நாள் உழைப்பின் அருமை அதில்தான் இருக்கிறது. எலியைக் கூண்டில் உயிரோடு பிடிக்க வேண்டும். செத்த எலி ஆறியதும் தெள்ளு இறங்கி ஓடிவிடும், அதனால் செத்த எலி உதவாது. பிடித்த எலியைப் பையில் போட்டு மயக்க மருந்து காட்டி, வெள்ளைத் தட்டின் மேல் வைத்து ரோமத்தைச் சீப்பால் வாரவேண்டும். விழுகிற தெள்ளுகள் மணல் துகள் அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் இனம் பார்க்க வேண்டும். பெண் தெள்ளானால், உடம்புக்குள் விந்து சேமிக்கும் சிறு பையின் வடிவம்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில், எந்த மாதத்தில் பிடித்த எலி, அதில் எத்தனை தெள்ளு, எந்த இனம் என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு அடுத்த எலி. இப்படியே ஆண்டுக்கணக்கில்.

அந்தக் கணக்கிலிருந்து ஒரு செய்தி எழுந்தது. கொழும்பு எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது கியோப்பிஸ் இல்லை. ஆஸ்டியா என்ற வேறு இனம். மதராசிலும் ஆஸ்டியாதான் மிகுதி. 1914-ல் கொழும்பில் பிளேக் தோன்றியபோது, அது நகரம் முழுவதையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை. துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் ஒட்டிய தானியக் கிடங்குகளைச் சுற்றிச் சுற்றியே வந்தது. ஹர்ஸ்டின் வரைபடத்தில் கியோப்பிஸ் செறிந்திருந்த இடங்களும் அவையேதான்.

இனம் மாறினால் என்ன, இரண்டும் ரத்தம் குடிக்கிற பூச்சிதானே என்று கேட்கலாம். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பேகாட், மார்ட்டின் என்ற இருவர் 1914-ல் ஒன்றைக் கண்டார்கள். பிளேக் கிருமி தெள்ளின் இரைப்பை வாயில் பெருகி அடைத்துக்கொள்கிறது. ரத்தம் உள்ளே போகாமல் தெள்ளு பசியில் துடிக்கிறது. மறுபடி மறுபடி கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமியை வெளியே கக்குகிறது. இந்த அடைப்பு கியோப்பிஸுக்கு எளிதில் உண்டாகிறது, ஆஸ்டியாவுக்கு அப்படி இல்லை. வெப்பம் கூடினால் அடைப்பு கரைந்தும் போகிறது. வெக்கையான நாட்களில் ஆஸ்டியா மனிதனைக் கடிக்கவும் அவ்வளவாக விரும்புவதில்லை. இரு இனங்களையும் பக்கத்தில் வைத்துச் செய்த சோதனைகளை ஹர்ஸ்ட் 1923-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்.

வட இந்தியாவில் எஃப்.டபிள்யூ. கிராக் செய்த தெள்ளுக் கணக்கெடுப்பும் இதையே ஆமோதித்தது. நம் பக்கத்து வேலையைக் கிண்டி கிங் நிலையம் எடுத்துக்கொண்டது. எச்.எச். கிங், சி.ஜி. பண்டிட் இருவரும் மதராஸ் மாகாணம் முழுவதற்குமான எலித்தெள்ளுக் கணக்கை 1931-ல் வெளியிட்டார்கள். கடலோரச் சமவெளியில் ஆஸ்டியாவின் ஆட்சி. பிளேக் விடாமல் திரும்பத் திரும்ப வந்த மேட்டுப் பகுதிகளில் கியோப்பிஸ். கம்பம் பள்ளத்தாக்கில் ஏன் அது வேரூன்றியது, கடலோரத்தில் ஏன் ஊன்றவில்லை என்பதற்குப் பெரும்பகுதி விடை கிடைத்தது. அந்தப் பண்டிட்தான் பின்னாளில் ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் முதல் இயக்குநரானவர். வெள்ளைக்கார மருத்துவர் பெயர் மட்டுமே வரலாற்றில் நிற்பது வழக்கம். இந்த ஆய்வில் பண்டிட் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் நம் கரைக்கு என்ன இருக்கிறது? கியோப்பிஸ் தெள்ளுக்குப் பயணம் போக எலிகூடத் தேவையில்லை. தானிய மூட்டை, பருத்திப் பொதி, சாக்கு, எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டும். அதன் புழுக்கள் தானியக் குப்பையில் வளரும். தட்டப்பாறையில் கூலிக்காரனின் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆபத்து வணிகரின் சரக்காக முறையான ரசீதோடு கிடங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏழையின் உடம்பும் அவன் மூட்டை முடிச்சும்தான் நோய்க்குக் காரணம் என்று அன்றைய ஆட்சி நம்பியது. சரக்கைச் சந்தேகிக்க அதற்கு மனம் வரவில்லை. ஹர்ஸ்டின் எண்கள் சந்தேகத்தை அங்கே திருப்பின. கிடங்கின் தரையைச் சிமெண்ட் பூசுவது, எலி நுழையாமல் கட்டுவது, எந்தக் கட்டடத்துத் தெள்ளு எந்த இனம் என்று கவனித்து முன்கூட்டியே எச்சரிப்பது ஆகியவையே அறிவுள்ள தடுப்பு என்று அவர் விடாமல் எழுதினார். ஆஸ்டியா முழுக்கத் தீங்கற்றது என்றும் அவர் சொல்லிவிடவில்லை. தன் கண்டுபிடிப்பின் எல்லையை அறிந்து பேசுகிறவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

இலங்கையில் 1938-க்குப் பிறகு பிளேக் இல்லை. பல பதிற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி ஹர்ஸ்ட் எழுதிய ‘பிளேக்கை வென்ற வரலாறு’ என்ற பொருள்படும் பெரிய நூலை ஆக்ஸ்போர்டு 1953-ல் வெளியிட்டது. பிளேக் பற்றி எழுதப் புகுவோர் இன்றும் அதைப் புரட்டாமல் தாண்டமுடியாது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகிறவர்கள், கப்பலைத் தளத்தோடு கட்டியிருக்கும் வடங்களைப் பாருங்கள். வடத்தின் நடுவே வட்டமான தகடு ஒன்று செருகியிருக்கும். வடத்தின் வழியே எலி ஏறவோ இறங்கவோ கூடாது என்பதற்காக வைப்பது அது. கப்பலில் எலி இல்லை என்று சுகாதார அதிகாரிகளிடம் சான்று வாங்கும் முறையும் பிளேக் காலத்தின் படிப்பினையில் வந்ததுதான்.

நம் பள்ளிகளில் நோய்க்கிருமி பற்றிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்டரையும் ராபர்ட் காக்கையும் சொல்லும் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, நம் எதிர்க்கரையில் உட்கார்ந்து தெள்ளுப்பூச்சிகளை எண்ணிய ஹர்ஸ்டையும், கிண்டியில் அதே வேலையைச் செய்த பண்டிட்டையும் சொல்லுங்கள். தட்டப்பாறையில் காத்துக்கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும்.

(தொடரும்)