ஒரு ரூபாய்க்கு எத்தனை பென்ஸ்? அண்ணல் கேட்ட கேள்வி

ஏப்ரல் மாதம் வந்தால் போதும், அண்ணலின் படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும்: "ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அம்பேத்கர்." பகிர்கிற தோழர்களின் பாசம் புரிகிறது. ஆனால் யாராவது "எப்படி?" என்று திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் வராது. ரூபாயைப் பற்றி அண்ணல் உண்மையில் எழுதியது அந்த ஒரு வரியைவிடப் பெரியது. அது புரிய வேண்டுமானால், ரூபாய்க்கும் பவுண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு நடந்த இழுபறியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று ரூபாய் வெள்ளி நாணயம். பவுண்டு தங்கத்தோடு கட்டப்பட்டது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங். அதாவது பத்து ரூபாய்க்கு ஒரு பவுண்டு. பிறகு ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியது. வேறு பல நாடுகளும் அதே வழியில் போயின. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, அதோடு ரூபாயும் சரிந்தது. 1892-93இல் ஒரு ரூபாய் சுமார் 1 ஷில்லிங் 3 பென்ஸ்தான்.

இந்தச் சரிவின் சுமை யார் தலையில் விழுந்தது? இந்திய அரசு லண்டனில் ஆண்டுதோறும் பவுண்டில் பணம் கட்ட வேண்டியிருந்தது. கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், ராணுவச் செலவு என்று பட்டியல் நீளும். ரூபாய் விழ விழ, அதே பவுண்டுக்கு அதிக ரூபாய் வசூலிக்க வேண்டும். 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. 1893இல் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு, ரூபாய் மதிப்பு குறைந்ததை ஈடுகட்டத் தனிப்படி கொடுத்தார்கள். அதிகாரிக்கு ஈட்டுப்படி, கஞ்சி குடிப்பவனுக்கு உப்பு வரி!

அதே 1893இல், பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயமாக அடித்துக்கொள்ளும் உரிமையை அரசு நிறுத்தியது. நாணயம் அருகிப்போனதால் ரூபாயின் மதிப்பு மெல்ல ஏறி, 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற கணக்கு முதல் உலகப் போர் வரை நிலைத்தது. போரில் வெள்ளி விலை எகிறியது. 1920இல் மீண்டும் 2 ஷில்லிங் என்று சட்டம் போட்டார்கள், ஆனால் சில மாதங்கள்கூட அதைத் தாங்கிப்பிடிக்க முடியவில்லை.

அடுத்து எழுந்ததுதான் பெரிய சண்டை: 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா? லண்டனுக்குக் கட்டும் பணம் ரூபாய்க் கணக்கில் குறையும் என்பதால் அரசு 6 பென்ஸ் பக்கம். பம்பாய் ஆலை முதலாளிகளும் பெருவணிகர்களும் 4 பென்ஸ் பக்கம். தேசியத் தலைவர்கள் பலரும் அவர்களோடு நின்றார்கள். 'வெள்ளை அரசுக்கும் இந்தியாவுக்குமான சண்டை' என்றே இது பேசப்பட்டது.

1923இல் 'ரூபாயின் சிக்கல்: தோற்றமும் தீர்வும்' என்ற ஆய்வு நூலை வெளியிட்டிருந்த அண்ணல், அந்தப் பேச்சை அப்படியே ஏற்கவில்லை. ரூபாய் மலிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வணிகர் 100 பவுண்டுக்குப் பஞ்சு விற்கிறார். 6 பென்ஸ் கணக்கில் அவருக்கு 1,333 ரூபாய் வரும். 4 பென்ஸ் கணக்கில் 1,500 ரூபாய். கூடுதலாக வந்த 167 ரூபாயை வெளிநாட்டுக்காரர் தரவில்லை. அவர் கொடுத்தது அதே 100 பவுண்டுதான். நாட்டுக்குள் விலைவாசி ஏறுகிறது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. கூலிக்காரர் தட்டில் குறைந்த சோறுதான் வணிகரின் கூடுதல் லாபம். ஆகவே இது நாட்டுக்குக் கிடைக்கும் ஆதாயம் அல்ல, நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்திடமிருந்து எடுத்து இன்னொரு வர்க்கத்துக்குக் கொடுப்பது என்பது அண்ணலின் வாதம்.

1925 டிசம்பரில் ஹில்டன் யங் தலைமையிலான நாணய ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அரசுகூட இனி புதிய ரூபாய் அடிக்கக் கூடாது, தங்க நாணயம் வர வேண்டும் என்பது அவர் திட்டம். நாணயத்தைப் பெருக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கையில் கட்டின்றி இருப்பதை அவர் நம்பவில்லை. ஆணையம் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. 1926இல் 6 பென்ஸைப் பரிந்துரைத்தது, 1927இல் அது சட்டமானது. மைய வங்கி வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. ரிசர்வ் வங்கி 1935இல் வந்தது. அந்த ஆணையத்தின் முன் வாதாடிய பொருளாதார அறிஞர் என்று அண்ணலைச் சொல்லுங்கள். அது உண்மை, யாராலும் மறுக்க முடியாது.

சண்டை அதோடு ஓயவில்லை. 1930 ஜனவரியில் காந்தி அரசின் முன் வைத்த 11 கோரிக்கைகளில் 4 பென்ஸ் விகிதமும் ஒன்று. உப்பு வரி ஒழிப்பும் நிலவரிக் குறைப்பும் அதில் இருந்தன. கூலி உயர்வு பற்றி ஒரு வரி இல்லை.

அதற்காக 6 பென்ஸ் ஏழைகளின் விகிதம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1929க்குப் பிறகு உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது, உயர்ந்த விகிதம் விளைபொருள் விலையை இன்னும் அழுத்தியது. கடன்பட்ட சிறு விவசாயி நொந்துபோனார். எந்த விகிதமும் தானாக நல்லதோ கெட்டதோ அல்ல. கேள்விதான் முக்கியம்.

இன்றும் டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் தேச மானம் போனதாக ஒரு கூட்டம் அழுகிறது, ஏற்றுமதிக்கு நல்லது என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. தோழர்களே, நீங்கள் அண்ணலின் கேள்வியைக் கேளுங்கள்: யாருடைய கூலி குறைகிறது? யாருடைய கடன் கூடுகிறது? யார் லாபம் பார்க்கிறார்கள்? மகாராட்டிர அரசு வெளியிட்ட அண்ணலின் எழுத்துகள், பேச்சுகள் தொகுப்பில் 6ஆம் தொகுதியில் அந்த நூல் இருக்கிறது. வாசிப்பு வட்டத்தில் வாரம் ஒரு அத்தியாயம் எடுத்துப் படியுங்கள். அடுத்த ஏப்ரலில் பகிர நம்மிடம் படத்தோடு பதிலும் இருக்கட்டும்.