ஒரு குட்டி 'டி' எழுத்து

கையில சில்லறை இருந்தா ஒரு ரூபாய் காசு ஒண்ணை எடுங்க. வருஷத்துக்குக் கீழே பாருங்க. வைரம் மாதிரி இருந்தா மும்பை. நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. எந்த மின்ட்ல, அதாவது எந்த நாணயச்சாலையில அடிச்சதுன்னு காட்டுற அடையாளம் இது. (சென்னைக்காரங்களுக்கு மின்ட்னா தெரு. அங்கேயும் ஒரு காலத்துல நிஜமாவே காசு அடிச்சாங்க.) எடையோ உலோகமோ குறைஞ்சா எந்தச் சாலையைக் கேள்வி கேட்கணும்னு தெரியறதுக்கு வந்த ஏற்பாடு. காசு சேர்க்கிறவங்களை யாரும் மனசுல வைக்கல.

ஆனா இந்த அடையாளம் விலையை எங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கு. அதுக்கு 1916 அமெரிக்காவுக்குப் போகணும்.

அந்த வருஷம் புதுசா ஒரு பத்து சென்ட் வெள்ளிக் காசு வந்தது. இறக்கை வச்ச தொப்பியோட சுதந்திர தேவி முகம். ஜனங்க அதை ரோமானியக் கடவுள் மெர்க்குரின்னு நினைச்சதால 'மெர்க்குரி டைம்'னு பேரே நிலைச்சிடுச்சு. பிலடெல்பியாவில் 2 கோடியே 21 லட்சத்துக்கு மேல அடிச்சாங்க. டென்வர்ல வெறும் 2,64,000. காரணம் ரொம்ப சாதாரணம்: கால் டாலர் காசு அவசரமா வேணும்னு உத்தரவு வந்தது, டைம் வேலையை நிறுத்திட்டாங்க.

அப்போ பெரும்பாலானவங்க இதைக் கண்டுக்கல. காசு கைமாறித் தேய்ஞ்சுக்கிட்டே இருந்தது. 1930கள்ல, பொருளாதார மந்த காலத்துல, ஓட்டை போட்ட அட்டைகள் விற்பனைக்கு வந்தது. வருஷத்துக்கு ஒண்ணு, மின்ட்டுக்கு ஒண்ணுன்னு ஓட்டை. சில்லறையைக் கிளறி நிரப்பணும். மத்ததெல்லாம் நிறைஞ்ச பிறகும் '1916 டி' மட்டும் பல்லிளிச்சுக்கிட்டு இருக்கும். எண்ணிக்கை குறைவா இருந்தது 1916லயே. அதுக்காக ஏங்க ஆள் வந்தது இப்பதான்.

இன்னிக்கு நல்லாத் தேய்ஞ்ச ஒண்ணுக்கே பல நூறு டாலர். அதே வருஷத்து பிலடெல்பியா காசு சில டாலர்தான். அதுல எழுத்தே கிடையாது, இடம் காலி. போலி ஆசாமிக்கு இது போதாதா? வேற காசுல இருந்து 'டி'யை வெட்டி எடுத்து அங்கே ஒட்டிடுவான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அந்தக் காலத்துல அச்சுல 'டி'யைக் கையாலதான் பொறிப்பாங்க. அதனால அச்சுக்கு அச்சு இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். டென்வர் டைமோட பின்பக்கத்துக்குப் பயன்பட்டதா தெரிஞ்சது நாலே அச்சு. எழுத்து அந்த நாலு இடத்துல எதிலயும் உட்காரலைன்னா, காசு எவ்வளவு பழசா இருந்தாலும் பணத்தை வெளியே எடுக்காதீங்க.