நேராக்கிய முடிக்குச் சாயமிடுதல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சுருள்முடியை வேதிப்பொருளால் நேராக்கிக்கொண்டவர்கள் பின்னர் அதற்குச் சாயமும் இடும்போது, இரு வேறு வேதிவினைகள் ஒரே தலைத்தோலின்மீது நிகழ்கின்றன. முடி ஒடிந்தால் மீண்டும் வளரும். தலைத்தோலிலும் உடலிலும் ஏற்படக்கூடிய பாதிப்புகளே கூடுதல் கவனத்துக்குரியவை.

நேராக்கும்போது நிகழ்வது என்ன?

முடியின் வலிமையும் வடிவமும் கெரட்டின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகளைப் பெரிதும் சார்ந்தவை. நேராக்கும் பொருள்கள் அப்பிணைப்புகளை உடைக்கின்றன. நம் நாட்டு அழகு நிலையங்களில் ஸ்ட்ரெய்ட்னிங், ரீபாண்டிங் என்னும் பெயர்களில் செய்யப்படுபவற்றில் பொதுவாகத் தயோகிளைக்கோலேட் என்ற பொருள் பயன்படுகிறது. ஆப்பிரிக்க வழிவந்தோரின் இறுக்கமான சுருள்முடிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ரிலாக்சர் வேறு வகை. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம் உள்ளது. இவ்விரு வகைகளையும் ஒரே முடியில் பயன்படுத்தினால் முடி கொத்தாக ஒடிந்துவிடும். எனவே, முன்பு எந்த வகை செய்யப்பட்டது என்பதை அழகுக்கலைஞரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

காரம் பட்ட தலைத்தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு புண்கள் இருக்கக்கூடும். அந்நிலையில் சாயம் இட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் எளிதில் ஏற்படும். ஆகவே முதலில் நேராக்குதல், குறைந்தது 14 நாள்கள் கழித்துச் சாயமிடுதல் என்பதே பாதுகாப்பான வரிசை. ஒரே நாளில் இரண்டையும் முடித்துத் தருவதாகக் கூறினால் ஏற்க வேண்டாம்.

சாய ஒவ்வாமை

நிலையான கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராஃபீனைலின்டையமீன் என்ற வேதிப்பொருள் உள்ளது. சுருக்கமாக இது பி.பி.டி. எனப்படும். இதற்கு ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல ஆண்டுகள் தொல்லையின்றிச் சாயமிட்டவருக்கும் திடீரென ஏற்படலாம். காதோரத்திலும் நெற்றியிலும் பிடரியிலும் அரிப்பு, நீர்க்கொப்புளம், கண்ணிமை வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை பெரும்பாலும் சாயமிட்ட ஓரிரு நாள்களில் தோன்றுவதால், பலர் உணவின்மீதோ மருந்தின்மீதோ ஐயம் கொள்கின்றனர்.

‘அம்மோனியா இல்லாதது’ என்ற அறிவிப்பு பி.பி.டி. இல்லை என்று பொருள்படாது. ‘மூலிகைச் சாயம்’ என்ற பெயரும் அவ்வாறே. இயற்கையான மருதாணி செம்மஞ்சள் நிறமே தரும். சில நிமிடங்களில் கருமை தரும் ‘கறுப்பு மெஹந்தி’யில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்புண்டு. திருமண விழாவில் அதைக் கையில் இட்டுக் கொப்புளம் கண்டவர்கள் முடிச்சாயத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சாயமிடுவதற்கு 48 மணி நேரம் முன்னதாக, பொட்டலத்தில் உள்ள குறிப்பின்படி, சிறிதளவைக் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ தடவிப் பார்க்க வேண்டும். சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இம்முறைக்குச் சான்றாகாது. முன்பே ஒவ்வாமை கண்டவர்கள் இச்சோதனையைத் தாமாகச் செய்துகொள்ளாமல் தோல்நோய் மருத்துவரை அணுகுக. புருவத்துக்கும் இமைமுடிக்கும் இச்சாயங்களை ஒருபோதும் இடலாகாது, பார்வையே பாதிக்கப்படலாம்.

தலைத்தோலில் புண், சொரியாசிஸ், கடும் பொடுகு உள்ளவர்கள் அவை ஆறும்வரை காத்திருக்க வேண்டும். புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்குப் பின் முளைக்கும் முடியும் தோலும் மென்மையானவை. சிகிச்சையளிக்கும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே சாயமோ நேராக்குதலோ செய்ய வேண்டும்.

உடலின் உள்ளே ஏற்படும் பாதிப்புகள்

‘கெரட்டின் சிகிச்சை’ என விற்கப்படும் சில கரைசல்கள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியுள்ளது. கண் எரிச்சலும் இருமலும் தோன்றினால் உடனே அவ்வறையை விட்டு வெளியேறவும். இதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் தீங்கற்றதன்று. இதைக் கொண்டு முடியை நேராக்கிய பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் குறித்து மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன. இச்சிகிச்சையை அடுத்து வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைதல் ஏற்பட்டால், முடி நேராக்கிய செய்தியையும் மருத்துவரிடம் கூற வேண்டும். அவராகக் கேட்பது அரிது.

அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு எனவும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு எனவும் அது மதிப்பிட்டது. முடிச்சாயத்துக்கு அத்தகைய தொடர்பு அதில் காணப்படவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே, காரணத்தை உறுதிசெய்வதன்று. எனினும் நேராக்கும் இடைவெளியை இயன்றவரை நீட்டிப்பது நன்று.

அவசர நிலையில்

நேராக்கும் பொருளோ சாயமோ கண்ணில் பட்டால், ஓடும் தூய நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லவும். காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு விடுவது கேடு.

முடிச்சாயத்தை விழுங்கிவிட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கிச் சில மணி நேரத்தில் மூச்சு அடைபடலாம்; தசைகள் சிதைந்து, சிறுநீர் கருமையாகி, சிறுநீரகம் செயலிழக்கலாம். இதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. காலம் தாழ்த்தாத மருத்துவமே உயிர்காக்கும். வாந்தி எடுக்க வைக்காமல், வீக்கம் தோன்றும்வரை காத்திராமல், உடனே 108ஐ அழைக்கவும். சாயப் பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்லவும். விழுங்கியவர் மன உளைச்சலால் அவ்வாறு செய்திருந்தால், உடல் தேறியபின் அவரைத் தனித்து விடாமல் மனநல உதவிக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.